தினமும் ஓட்ட ஸ்போர்ட்ஸ் கார்: பழையதா, கொஞ்சம் புதியதா?

கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு கார்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, இருபது வருடங்களுக்கு முன் வந்தது; படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக் கனவு கண்ட கார். மற்றது ஆறேழு வருடம் ஓடியது. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காதது. எதை வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களில் பலர் முதல் காரை மனத்துக்குள் ஏற்கனவே வாங்கி முடித்திருப்பார்கள். ஆமாம் என்று தலையாட்ட ஓர் ஆள் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். நான் உடனே தலையாட்டுவதில்லை. காரின் வயதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. எந்தெந்தத் தொழில்நுட்ப மாற்றங்களுக்குப் பிறகு அந்தக் கார் தயாரானது? இதுவரை அதைப் பராமரித்தவர் எப்படிப்பட்டவர்? இவற்றுக்குப் பதில் தேடும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வாரத்தைப் பாருங்கள்

விளம்பரங்களைப் புரட்டும் முன் ஒரு வாரம் உங்கள் பயணங்களைக் குறித்து வையுங்கள். எத்தனை கி.மீ., எவ்வளவு நெரிசல், எத்தனை வேகத்தடை, வண்டி நிற்பது கூரையின் கீழா வெட்டவெளியிலா, உடன் வருபவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

இதில் பலரையும் திகைக்க வைப்பது தூரம்தான். தினமும் போக நான்கு கி.மீ., வர நான்கு கி.மீ. என்று கணக்கு வந்து நிற்கும். இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் ஆயில் அதற்குள் சூடாகியிருக்காது. அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். முழுதாக எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கும். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை செல்லும் ஹோண்டா எஸ்2000-இன் இன்ஜினை ஆயில் சூடாகும் முன் விரட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும் வேலை. சுழல் இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழல்வது) கொண்ட மஸ்தா ஆர்எக்ஸ்-8-இன் நிலை இன்னும் மோசம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வாசலிலிருந்து பத்தடி நகர்த்தி அணைத்துவிட்டால், அடுத்த முறை பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து ஸ்டார்ட் ஆக மறுக்கும். உங்கள் ஓட்டம் இப்படிச் சிறியது என்றால் சில கார்கள் இந்தக் கட்டத்திலேயே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன.

அடுத்து, ஒரு நாள் காலை கார் கிளம்பவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் வேறு வண்டி இருக்கிறது, அல்லது வாசலிலேயே ரயில் இருக்கிறது என்றால் இருபது வருடக் காரையும் நீங்கள் யோசிக்கலாம். "அன்று வேலைக்குப் போக முடியாது" என்பதுதான் பதில் என்றால், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வழுக்கும் காரைத் தானாக நேராக்கும் ஏற்பாடு) வந்த காலத்துக்குப் பின் தயாரான கார்களை மட்டும் பாருங்கள். அந்த எல்லையை ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

எந்த மாற்றத்துக்கு இந்தப் பக்கம்?

பழைய கார்களையும் புதிய கார்களையும் பிரிக்கும் கோடு ஒன்றல்ல, பல. அவற்றில் எளிதானது பழுதறியும் சாக்கெட். அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஓபிடி எனப்படும் இந்த முறை கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தச் சாக்கெட்டில் சிறிய ஸ்கேனரைச் செருகினால், இன்ஜின் கணினி பதிந்து வைத்திருக்கும் கோளாறுகள் தெரியும். இது இல்லாத காரில் பழுதைக் கண்டுபிடிக்க நல்ல காது உள்ள மெக்கானிக் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்தான் பெரிய கோடு. கார் திரும்ப வேண்டிய திசையிலிருந்து வழுக்க ஆரம்பித்தால், ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாக பிரேக் கொடுத்து நேராக்கும் ஏற்பாடு இது. போஷ் நிறுவனத்துடன் சேர்ந்து மெர்சிடிஸ் 1995-இல் தன் விலையுயர்ந்த காரில் இதைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். நடுவில் உள்ள பதினேழு முதல் பத்தொன்பது வருடங்களில் ஒரே மாடலில் சில கார்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அமெரிக்கச் சந்தையில் எஸ்2000-க்கு இது வந்தது 2006 மாடலில்தான்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஆடி டிடி-யின் கதையை அவர்களுக்குச் சொல்லலாம். 1998-இல் அந்தக் கார் வந்தபோது அதன் வடிவத்தை உலகமே கொண்டாடியது. அதிவேகத்தில் தடம் மாறும்போது பின்பக்கம் பிடியிழந்து விபத்துகள் நேர்ந்தன. விற்ற கார்களை நிறுவனம் திரும்ப அழைத்து, பின்னால் சிறிய சிறகையும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலையும் பொருத்திக் கொடுத்தது. பந்தயத் தளத்துக்கு நீங்கள் மழை நாளாகப் பார்த்துப் போகமாட்டீர்கள். தினசரிக் காரில் இப்படி நாள் பார்க்கும் வசதி கிடையாது. தூக்கம் கலையாத காலையிலும், நனைந்த சாலையிலும், பாதி தேய்ந்த டயரோடும் அதே காரைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

கடைசிக் கோடு நேர் எதிரானது; அதற்கு அந்தப் பக்கம், அதாவது பழைய பக்கம், இருப்பதில் லாபம் உண்டு. ஏறக்குறைய 2010-ஐ ஒட்டி ஸ்போர்ட்ஸ் கார்களில் டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், மின்சார ஸ்டீயரிங் எல்லாம் பரவின. போர்ஷே 911 மின்சார ஸ்டீயரிங்குக்கு மாறியது 2011-இல் வந்த தலைமுறையில். சாலையின் சொரசொரப்பு கைக்கு எட்டுவது அதோடு குறைந்தது என்பவர்கள் பலர்; நானும் அவர்களில் ஒருவன். டைரக்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. உள்வால்வுகளின் பின்புறத்தைக் கழுவிவிட எதுவும் இல்லாததால் அங்கே கரி படிகிறது. சில வருடங்களில் அதை அக்ரூட் ஓட்டுத்தூளை வீசிச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி86, சுபாரு பிஆர்இசட் இரட்டையரில் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது, வால்வுக்கு முன்பே பீய்ச்சும் பழைய முறை என இரண்டு வகை இன்ஜெக்டரும் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பழையது எங்கே செலவு வைக்கும்

பழைய கார் என்றதும் எல்லோரும் இன்ஜினுக்குத்தான் பயப்படுகிறார்கள். நடுத்தெருவில் நிறுத்துபவை பெரும்பாலும் ரப்பரும் பிளாஸ்டிக்கும். ஓடோமீட்டர் நின்றாலும் அவற்றுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும். 2000 முதல் 2006 வரை வந்த பி.எம்.டபிள்யூ. எம்3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர் இன்ஜின் அற்புதமானது. ஆனால் அந்தத் தலைமுறை 3 சீரிஸ் கார்களின் கூலன்ட் தொட்டி பிளாஸ்டிக். வெப்பத்தில் வெந்து வெந்து ஒருநாள் வெடிக்கும். பின் சப்ஃபிரேம் (பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் தரைத்தகட்டில் விரிசல் விடுவதும் இந்தக் கார்களில் தெரிந்த நோய். டிக்கிக்கு அடியில் புகுந்து பார்க்காமல் அதை வாங்கக் கூடாது.

உதிரிப் பாகங்களைப் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். ஃபில்டர், பிரேக் பேடு எந்தக் காருக்கும் கிடைத்துவிடும். கதவோர ரப்பர், விளக்கின் கண்ணாடி, இருக்கைக்கு அருகிலுள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி, இவைதான் கிடைக்காமல் அலையவிடும். சில நிறுவனங்கள் தங்கள் பழைய கார்களைக் கைவிடுவதில்லை. மஸ்தா 2017-இல், 1989-இல் வெளிவந்த தன் முதல் ரோட்ஸ்டருக்கு (திறந்த கூரை இரட்டை இருக்கைக் கார்) மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. எம்எக்ஸ்-5 என்ற பெயரிலும் அறியப்படும் அந்தக் கார் சுமார் 950 கிலோதான். வீட்டு வாசலிலேயே பாதி வேலையைச் செய்துகொள்ளலாம். கைக்கு எட்டாத இடம் அதில் குறைவு. மறுமுனையில் ஃபெராரி எஃப்355 இருக்கிறது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றவே இன்ஜினைக் கீழே இறக்க வேண்டும். பழையது என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டும் அடங்கிவிடுவதுதான் புதியவர்களைக் குழப்புகிறது.

புதியது எங்கே செலவு வைக்கும்

இங்கே பழுது அடிக்கடி வராது. வந்தால் பில் பெரிதாக இருக்கும். உடைந்த முன்விளக்கு என்றால் எல்.இ.டி. தொகுதியையே மாற்ற வேண்டும். மின்னணு ஷாக் அப்சார்பர் ஒன்று கசிந்தால், சாதாரணக் காரில் நான்கையும் மாற்றும் செலவை அது ஒன்றே எட்டக்கூடும். புதிய பாகத்தைப் பொருத்திய பிறகு கணினியில் அதைப் பதிவு செய்தால்தான் கார் ஏற்றுக்கொள்ளும் என்ற நிலையும் உண்டு. எனவே எந்தக் கடையிலும் முடியாது. வாரண்டி மிச்சமிருந்தால் அதை இலேசாக எண்ணாதீர்கள். விலையைப் பேசும்போது அது அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புதியது என்றால் எடை கூடும், உயிர் குறையும் என்ற புலம்பல் எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. 2015-இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 ஏறத்தாழ ஒரு டன்தான். முதல் தலைமுறையை ஒப்பிட்டால் கூடியது கொஞ்சமே. ஆரம்ப வருடக் கார்கள் சிலவற்றில் கியர்பாக்ஸ் பழுதானதுண்டு. பிறகு நிறுவனம் அதைத் திருத்தியது. இதுவே அடுத்த படிக்கு இட்டுச்செல்கிறது.

தலைமுறையின் கடைசி வருடங்களைத் தேடுங்கள்

ஒரு மாடல் வந்த முதல் இரண்டு வருடங்களில் வாங்கியவர்கள், பணம் கொடுத்துச் சோதனை ஓட்டம் செய்து தந்தவர்கள். அவர்கள் கண்ட குறைகளைத் திருத்தித்தான் கடைசி வருடக் கார்கள் வெளியே வரும். புதிய தலைமுறையின் முதல் வருடக் காரைவிட, பழைய தலைமுறையின் கடைசி வருடக் காரையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

போர்ஷே இதற்கு நல்ல பாடம். 1996-இல் வந்த பாக்ஸ்டரிலும், அதையடுத்து வந்த முதல் நீர்க்குளிர்ச்சி 911-இலும் இன்ஜினுக்குள் ஓர் இடைநிலைத் தண்டு உண்டு. அதன் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். எல்லாக் காரிலும் உடைவதில்லை. உடையும் முன் எச்சரிப்பதும் இல்லை. டர்போ, ஜிடி3 வகைகளின் இன்ஜின் வேறு, அவற்றுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை. அதிலும் ஒரு நுணுக்கம்: 2009-க்குப் பிந்தைய பாக்ஸ்டர், கேமன் கார்களில் எஸ் என்ற 3.4 லிட்டர் வகை டைரக்ட் இன்ஜெக்ஷன், சாதாரண 2.9 லிட்டர் வகை பழைய முறை இன்ஜெக்ஷன். அதாவது, 2.9-இல் தண்டும் இல்லை, கரியும் படியாது, ஸ்டீயரிங்கும் மின்சாரமல்ல, பழைய ஹைட்ராலிக்தான். விளம்பரங்களில் எஸ் எழுத்து இல்லாததால் மதிப்புக் குறைந்து கிடக்கும் இந்தக் காரைத் தினசரி ஓட்டத்துக்கு நான் முதலில் சொல்வேன். அது கைக்கு எட்டாது என்றால் மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் பிற்கால வருடங்கள், அல்லது ஜிடி86. ஜிடி86-இன் ஆரம்பக் கார்கள் வால்வு ஸ்பிரிங்குக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை. அந்த வேலை நடந்ததா, செய்தவர்கள் சரியாகப் பூட்டினார்களா என்று கேளுங்கள். ஏனென்றால் அதற்கு இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும்.

குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மயங்காதீர்கள்

நான் முதலில் வாங்கியது பதினாறு வயதான இரட்டை இருக்கைக் கார். ஓடியது 41,000 கி.மீ. மட்டும். வாரம் ஒருமுறை துடைத்து, துணி போர்த்தி வைத்திருந்தேன் என்றார் விற்றவர். பொய் சொல்லவில்லை. அவர் துடைத்தார், ஓட்டவில்லை. வாங்கிய மூன்று மாதத்தில் கிளட்ச் சிலிண்டரின் சீல் கசிந்தது, பெட்ரோல் பம்ப் நின்றது, ரேடியேட்டர் ஓரத்தில் பிளந்தது. டயரின் பள்ளக்கோடுகள் தேயாமல் அப்படியே இருந்தன; ரப்பர் மட்டும் கல்லாகியிருந்தது. அடுத்து வாங்கிய காரின் ஓடோமீட்டர் 1,60,000-ஐத் தாண்டியிருந்தது. கூடவே ஒரு கை தடிமனான ரசீதுக் கோப்பும் வந்தது. நான்கு வருடம் தினமும் ஓட்டினேன். ஒருமுறைகூட இழுவை வண்டியைக் கூப்பிடவில்லை.

எனவே ரசீதுகளை முதலில் கேளுங்கள். "எல்லா சர்வீசும் செய்தது" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. ரசீதில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிக்கொண்டு போகின்றனவா என்று பாருங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால் அந்த உரிமையாளர் மேல் எனக்கு மரியாதை வரும். யாரும் கண்ணால் பார்க்காத வேலை அது.

காரைப் பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள், இன்ஜினைத் தொடாமல் வைக்கச் சொல்லிவிட்டு. போனதும் பானெட் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில் வரும் கடகடப்பும் நீலப்புகையும் சூடான பின் தெரியாது. ஆர்எக்ஸ்-8 இதிலும் விதிவிலக்கு. அதை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சூட்டில் கிளம்பத் திணறினால் ரோட்டரின் சீல்கள் தேய்ந்திருக்கின்றன.

ஸ்கேனரைச் செருகும்போது கோளாறு எதுவும் இல்லை என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். சுய பரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கத்துக்குப் போங்கள். பல பரிசோதனைகள் "முடியவில்லை" என்று இருந்தால், யாரோ சமீபத்தில் கோளாறுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டுக்கும் விளக்கம் கேளுங்கள். 2005-க்குப் பிந்தைய போர்ஷே கார்களில், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்ற தடவைகளையும் அது எந்த இயக்க மணி நேரத்தில் நடந்தது என்பதையும் கணினி ஆறு நிலைகளாகப் பதிந்து வைத்திருக்கும். ஐந்தாவது கியருக்குப் பதில் மூன்றாவதில் போட்ட கையை அது காட்டிக்கொடுத்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. நான்கு டயரும் நான்கு பிராண்டு என்றால், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் அதே சிக்கனம் நடந்திருக்கும். மடக்குக் கூரைக் கார்களில் மழைநீர் வடியும் துளைகள் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கித் துரு பிடிக்கும். பழைய எம்எக்ஸ்-5-களில் கதவுக்குக் கீழுள்ள விளிம்பைப் பின்சக்கரத்துக்கு முன்னால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய பிஸ்கட் போல நொறுங்கினால் அதோடு பேச்சு முடிந்தது. மாற்றியமைத்த கார்களைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை: முதல் காராக அதை வாங்காதீர்கள்.

பிடித்துவிட்டால், அந்த மாடலையே தொழிலாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் பணம் கொடுத்துச் சோதியுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக்கிடம் வேண்டாம். சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் ஐந்து விலைகள்

கிளட்ச் தொகுதி, முன் பிரேக் டிஸ்க்குகள், ஒரு முன்விளக்கு, ஒரு ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர். இந்த ஐந்துக்கும் இன்றைய விலையையும் பொருத்தும் கூலியையும் கேட்டு எழுதுங்கள். காரின் விலை காலப்போக்கில் பாதியாகவும் கால்வாசியாகவும் இறங்கும். பாகங்களின் விலை இறங்காது. மலிவாகக் கிடைத்த விலையுயர்ந்த கார், பராமரிப்பில் விலையுயர்ந்த காராகவே இருக்கும். இன்ஷூரன்ஸ் தொகையையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

என் கணக்கு இது: பத்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு, கையில் உள்ள மொத்தப் பணத்தில் கால் பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில்தான் கார் தேட வேண்டும். ஒதுக்கியதில் கை வைத்தால்தான் வாங்க முடியும் என்றால் ஒரு படி கீழே உள்ள மாடலில் நல்ல காரைத் தேடுங்கள்.

முதல் மாதம்

ரசீது இல்லாத எதையும் செய்யப்படாததாகவே எண்ணுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் நான்கையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால் அதையும், அதோடு வாட்டர் பம்பையும் மாற்றுங்கள். கூலிக்கு இருமுறை செலவழிக்க வேண்டியதில்லை. ஆறு வருடம் தாண்டிய டயர்கள் எவ்வளவு பள்ளம் மிச்சமிருந்தாலும் போகட்டும்.

பிறகு வாரம் ஒருமுறை, கார் இரவு முழுவதும் சமதளத்தில் நின்ற பின், ஆயில் அளவைப் பாருங்கள். வேகமாகச் சுழலும் இன்ஜின்கள் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும். ஆர்எக்ஸ்-8 குடிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. புதிய கார்கள் பலவற்றில் அளவுக் குச்சியே இல்லை, திரையில்தான் பார்க்க வேண்டும். அதற்கும் சில கார்களில் இன்ஜின் சூடாகி, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். முதல் 1,000 கி.மீ.-க்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதி வையுங்கள். மெக்கானிக் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.